ரிலீஃப் பிட்சர் என்பவர் யார்? மரியானோ ரிவேராவின் வழியாக ஓர் அறிமுகம்

பேஸ்பால் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ் உண்டு; ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். எனவே எதிரணியை முழுமையாகக் கட்டுப்படுத்த 27 அவுட்டுகளை எடுத்தாக வேண்டும். இந்த அவுட்டுகளைப் பெற்றுத் தரும் பொறுப்பில் பெரும்பங்கு, 18.44 மீட்டர் தொலைவிலிருந்து மட்டையாளரை நோக்கிப் பந்தை எறியும் பிட்சருடையது. ஆட்டத்தின் முதல் பந்தை எறிபவர் ஸ்டார்ட்டர். அவர் களைத்தாலோ தடுமாறினாலோ அவரை வெளியே அழைத்துக்கொண்டு, அவருக்குப் பதிலாகப் பந்தெறியும் மேட்டில் ஏறும் எவரும் ரிலீஃப் பிட்சர், சுருக்கமாக, ரிலீவர்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள், இருபது ஓவர் ஆட்டத்தின் கடைசி ஓவர்களுக்கென்றே ஒரு பந்துவீச்சாளரை அணித்தலைவர் காத்து வைத்திருப்பதை நினைத்துக்கொண்டால் ரிலீவரின் வேலை ஓரளவு பிடிபடும். ஆனால் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டில் ஒருவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து மீண்டும் பந்தைக் கொடுக்கலாம். பேஸ்பாலில் ஆட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட பிட்சர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. ஒரு ரிலீவரை உள்ளே அனுப்பும் ஒவ்வொரு முடிவும் மேலாளரின் கையிருப்பில் ஒரு கையைக் குறைத்துவிடுகிறது. யாரை எப்போது அனுப்புவது, யாரை இன்னும் வைத்திருப்பது என்ற கணக்கில்தான் ஆட்டத்தின் பிற்பகுதி முழுவதும் நகர்கிறது.

ஸ்டார்ட்டரே ஏன் ஒன்பது இன்னிங்ஸையும் முடிப்பதில்லை என்ற கேள்வி புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எழும். ஒரு காலத்தில் முடித்தார்கள். இன்றைய ஆட்டத்தில் ஏறத்தாழ 90 முதல் 100 பந்துகளை எறிந்ததும் தோளும் முழங்கையும் தளர்ந்து வேகம் குறைகிறது. அதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. ஒன்பது மட்டையாளர்களும் வரிசையாக வந்து, மூன்றாவது முறையாக அதே பிட்சரைச் சந்திக்கும்போது, அவருடைய பந்து எங்கே வளையும், எப்போது தாழும் என்பது அவர்களுக்கு ஓரளவு பழகிவிடுகிறது. அந்த நேரத்தில் புதிய கோணமும் புதிய வேகமும் கொண்ட ஒருவரை இறக்கினால் மட்டையாளர் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். ரிலீவர் பதினைந்து, இருபது பந்துகளை மட்டுமே எறியப்போகிறவர்; ஆகையால் ஆற்றலை மிச்சம் பிடிக்காமல் முதல் பந்திலிருந்தே முழு வேகத்தில் எறியலாம். ஸ்டார்ட்டருக்கு நான்கைந்து வகைப் பந்துகள் தேவைப்படும்; ரிலீவருக்கு மிகச் சிறந்த இரண்டு போதும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்ந்தவரும் உண்டு.

அந்த ஒருவர்தான் பனாமா நாட்டைச் சேர்ந்த மரியானோ ரிவேரா. ரிலீவரின் தொழில் வாழ்க்கை எப்படித் தொடங்கும், எங்கே தடுக்கும், எதனால் நிலைக்கும் என்பவற்றை அவர் கதையைவிடத் தெளிவாக விளக்கும் கதை வேறில்லை என்பது என் கருத்து.

1969ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று பிறந்த ரிவேரா, புவேர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில் வளர்ந்தார். தந்தை மீன்பிடிப் படகின் தலைவர். பால் அட்டைப் பெட்டியைக் கையுறையாக மடித்தும், மரக்கிளையை மட்டையாக வெட்டியும் ஆடிய சிறுவர்களில் ஒருவராக இருந்த அவர், இளைஞரானதும் தந்தையின் படகிலேயே மத்தி மீன் பிடிக்கப் போனார். உள்ளூர் அணியில் அவர் பிட்சர் அல்லர். ஷார்ட்ஸ்டாப் என்னும் களத்தடுப்பாளர். ஒரு நாள் அணியின் பிட்சர் மோசமாகத் தடுமாற, தானே எறிந்து பார்ப்பதாக முன்வந்தார். அந்தச் செய்தி நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆள் தேடுபவர்களின் காதுக்கு எட்டியது. 1990 பிப்ரவரியில் இரண்டு, மூன்றாயிரம் டாலர் முன்பணத்துக்கு அவர் ஒப்பந்தமானார். அப்போது அவருக்கு வயது இருபது. அந்த வயதுக்குள் பல பிட்சர்கள் பல ஆண்டுப் பயிற்சியை முடித்திருப்பார்கள்.

அமெரிக்காவில் தொழில்முறை வீரர்கள் மேஜர் லீக் எனப்படும் உச்சநிலைப் பெரிய லீகில் நேரடியாக நுழைவது அரிது. ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே மைனர் லீக் அணிகள் படிப்படியாக அமைந்திருக்கின்றன. அடிமட்டத்தில் தொடங்கி, ஒற்றை ஏ, இரட்டை ஏ, மும்மை ஏ என்று ஏற வேண்டும். ரிவேரா முதல் ஆண்டிலேயே அடிமட்ட லீகில் 52 இன்னிங்ஸ் எறிந்து, 0.17 என்ற சராசரியைப் பெற்றார். களத்தடுப்புப் பிழைகளால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன்களை விட்டுக்கொடுத்தார் என்று கணக்கிடும் சராசரி இது. மூன்றுக்குக் கீழே இருந்தாலே சிறப்பு என்று கொள்ளலாம். அவ்வளவு நன்றாகத் தொடங்கியவருக்கு 1992இல் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில், புதிதாகத் தொடங்கப்பட்ட இரண்டு அணிகள் பிற அணிகளின் பாதுகாக்கப்படாத வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அவர்கள் பார்வைக்கு எட்டியும் ரிவேராவை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1995ஆம் ஆண்டு மே 23 அன்று கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக அவர் பெரிய லீகில் முதன்முறையாக ஆடினார். அன்று அவர் ஸ்டார்ட்டர். நான்காவது இன்னிங்ஸையே முடிக்க முடியாமல் ஐந்து ரன்களைக் கொடுத்து வெளியேறினார். யாங்கீஸ் 10-0 என்று தோற்றது. அந்த ஆண்டு பத்து ஆட்டங்களைத் தொடங்கி வைத்தார். ஆண்டு முழுவதற்குமான சராசரி 5.51. அதன்பின் தம் வாழ்நாளில் அவர் ஒருமுறைகூட ஆட்டத்தைத் தொடங்கி வைக்கவில்லை.

இது விதிவிலக்கன்று, இத்தொழிலின் வழக்கமான வாசல். பெரிய ரிலீவர்களில் பலர் ஸ்டார்ட்டராக வெற்றி பெறாமலோ, அந்த இடத்தில் நிலைக்காமலோ இந்தப் பக்கம் வந்தவர்கள். டென்னிஸ் எக்கர்ஸ்லி பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்டார்ட்டராக எறிந்துவிட்டு, 1987இல் ஓக்லண்டுக்கு வந்த பிறகே ரிலீவரானார்; 1992இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் ஒருசேரப் பெற்றார். 2006இல் இளம் வீரர் தேர்வில் ஆறாவது இடத்திலேயே எடுக்கப்பட்ட ஆண்ட்ரூ மில்லர், ஸ்டார்ட்டராகப் பல ஆண்டுகள் திணறிவிட்டு, பாஸ்டன் அணியில் ரிலீவராக மாறி மறுவாழ்வு பெற்றார். முற்காலத்தில் ரிலீவர் என்றால் மிச்சமிருப்பவர் என்ற எண்ணமே பொதுவாக இருந்தது. 1950இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜிம் கான்ஸ்டான்ட்டி, ஸ்டார்ட்டராக ஒரு ஆட்டமும் எறியாமலேயே பெரிய லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரரானார். அதற்குப் பிறகும் அந்த எண்ணம் முழுதாக மாறப் பல பத்தாண்டுகள் ஆயின.

1996இல் ரிவேராவுக்குக் கிடைத்த பணி, கடைசி இன்னிங்ஸுக்கு முந்தைய பகுதியைக் காப்பது. அந்தப் பணியைச் செய்பவரை செட்டப் பிட்சர் என்பார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்து வைப்பவர் குளோசர்; அப்போது அந்தப் பொறுப்பு ஜான் வெட்டலண்டிடம் இருந்தது. ஸ்டார்ட்டர் இரண்டாவது மூன்றாவது இன்னிங்ஸிலேயே கவிழ்ந்துவிட்டால் மூன்று நான்கு இன்னிங்ஸை இழுத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அவர் லாங் ரிலீவர். இவை விதிப்புத்தகத்தில் உள்ள பதவிகள் அல்ல, பழக்கத்தில் உருவானவை. இடக்கை மட்டையாளர் ஒருவரை மட்டும் சமாளித்துவிட்டு வெளியேறும் இடக்கை வல்லுநர்களும் முன்பு இருந்தார்கள்; 2020 முதல், உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று மட்டையாளர்களுக்கு எறிய வேண்டும் அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற விதி வந்த பின் அவர்கள் தொழில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அந்த 1996இல் ரிவேரா 107 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, 130 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து (பந்தைக் களத்துக்குள் அடிக்கவிடாமலேயே வெளியேற்றி), 2.09 என்ற சராசரியுடன் சை யங் வாக்கெடுப்பில் மூன்றாம் இடத்துக்கு வந்தார். ஆறு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த ஆட்டங்களில் யாங்கீஸ் 70ஐ வென்று மூன்றை மட்டுமே தோற்றது. எதிரணியைப் பொறுத்தவரை ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் அன்று, ஆறு இன்னிங்ஸ்தான் என்றாகிவிட்டது. அந்த ஆண்டு பெரிய லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் அந்த அணியே வென்றது.

மறு ஆண்டு வெட்டலண்ட் டெக்சாஸுக்குப் போக, ரிவேரா குளோசரானார். ஆனால் தொடக்கத்தில் கிடைத்த ஆறு வாய்ப்புகளில் மூன்றைக் கோட்டைவிட்டார். மேலாளர் ஜோ டாரி அவரை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. அந்த ஜூன் மாதத்தில், சக பிட்சர் ரமிரோ மெண்டோசாவுடன் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, ரிவேராவின் பந்து கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகத் தொடங்கியது. அவர் அதை வேண்டுமென்று செய்யவில்லை. பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மையருடன் சேர்ந்து அந்த விலகலைப் போக்கத்தான் முதலில் முயன்றார். போகவில்லை என்றதும் அப்படியே ஏற்றுக்கொண்டார். கட்டர் என்று அழைக்கப்படும் அந்தப் பந்து, நேரே வரும் வேகப்பந்தைப் போலவே கையைவிட்டுக் கிளம்பி, மட்டைக்கு மிக அருகில் வந்தபின் இடக்கை மட்டையாளரின் உடலை நோக்கி விலகும். மட்டையின் தடித்த பகுதியில் படும் என்று வீசியவருக்கு, கைப்பிடிக்கு அருகில் பட்டு மட்டை முறியும். அடுத்த பதினாறு ஆண்டுகள் அவர் பெரும்பாலும் அந்த ஒரே பந்தைத்தான் எறிந்தார். வரப்போவது எது என்று எல்லா மட்டையாளருக்கும் தெரியும்; தெரிந்தும் அடிக்க முடியவில்லை. 2013இல் அவர் விடைபெறும் பயணத்தில் இருந்தபோது, மினசோட்டா அணியினர் முறிந்த மட்டைகளாலேயே செய்த சாய்ந்தாடும் நாற்காலியை அவருக்குப் பரிசளித்தனர்.

ரிலீவரின் அன்றாடத்தைச் சொல்லாமல் அவர் தொழிலை விளக்க முடியாது. பெரிய லீகில் ஓர் அணி ஏறத்தாழ ஆறு மாதங்களில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஸ்டார்ட்டர் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை எறிவார். தம் முறை எந்த நாள் என்று முன்கூட்டியே தெரியும். ரிலீவருக்கு எதுவும் தெரியாது. மைதானத்தின் வெளிப்புறச் சுவரை ஒட்டிய புல்பென் என்ற இடத்தில் மற்ற ரிலீவர்களுடன் உட்கார்ந்திருப்பார். அங்கே ஒரு தொலைபேசி இருக்கும். அது ஒலித்தால் எழுந்து பந்தெறிந்து உடலைச் சூடேற்ற வேண்டும். சில நிமிடங்களில் ஆட்டத்தின் போக்கு மாறி, உட்காரச் சொல்லிவிடுவதும் உண்டு. அப்படி எறிந்த பந்துகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை, ஆனால் தோளில் ஏறிவிடுகின்றன. ஓர் ஆண்டில் 65 ஆட்டங்களில் எறிந்தார் என்று பதிவாகும் ஒருவர், அதைவிடப் பல நாட்கள் எழுந்து சூடேறியிருப்பார் என்பதைப் படிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலில் எண்களும் ஓரளவு ஏமாற்றும். ஓர் ஆண்டில் 60 இன்னிங்ஸ் எறியும் ரிலீவர் 20 ரன்கள் கொடுத்தால் அவர் சராசரி 3.00. அவற்றுடன் இரண்டு கெட்ட இரவுகளில் ஐந்தைந்து ரன்கள் சேர்ந்தால் அது 4.50 ஆகிவிடும். 180 இன்னிங்ஸ் எறிந்து 60 ரன்கள் கொடுத்த ஸ்டார்ட்டருக்கும் சராசரி 3.00தான், அதே பத்து ரன்கள் கூடினால் அவருடையது 3.50க்கு மேல் போகாது. இதனால்தான் ஓராண்டு கொண்டாடப்பட்ட ரிலீவர் மறு ஆண்டு காணாமல் போகிறார். திறமை போய்விட்டது என்று பொருளல்ல. அளவு சிறியது, அவ்வளவே. ஆனால் அணி நிர்வாகங்கள் பல நேரங்களில் பொறுத்துக்கொள்வதில்லை.

மைனர் லீகுக்கும் பெரிய லீகுக்கும் இடையே அதிகம் அலைக்கழிக்கப்படுபவர்களும் இவர்களே. அணியின் நாற்பது பேர் பட்டியலில் உள்ள இளம் வீரரை மூன்று பருவங்கள் வரை தடையின்றிக் கீழே அனுப்பவும் மேலே அழைக்கவும் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. நேற்று மூன்று இன்னிங்ஸ் எறிந்து களைத்தவரைக் கீழே அனுப்பிவிட்டு, களைப்பில்லாத வேறொருவரை வரவழைப்பது சாதாரணம். நன்றாக எறிந்ததற்குப் பரிசாக மறுநாள் காலை மைனர் லீகுக்குப் பயணச்சீட்டு கிடைப்பது கொடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது. 2022 முதல் ஒரு பருவத்தில் ஒரு வீரரை ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்பக் கூடாது என்று கட்டுப்பாடு வந்திருப்பது நல்லது.

பெரிய லீகில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 2025இல் 7,60,000 டாலர். பெரும்பாலான வீரர்கள் மூன்று ஆண்டுச் சேவை முடிந்தால்தான் ஊதியத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மூலம் ஊதிய உயர்வு கேட்கலாம். ஆறு ஆண்டுகள் முடிந்தால் விரும்பிய அணியோடு பேசலாம். அந்த ஆறு ஆண்டுகளைத் தாண்டும் முன்பே பல ரிலீவர்களின் கை பழுதாகிவிடுகிறது. முழங்கைத் தசைநார் அறுந்தால் 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த, டாமி ஜான் என்ற பிட்சரின் பெயரால் வழங்கும் அறுவை சிகிச்சைதான் வழி; தேறிவர ஓராண்டுக்கு மேலாகும். 2022 நவம்பரில் எட்வின் டியாஸ் ஐந்து ஆண்டுகளுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்று, பத்துக் கோடியைத் தாண்டிய முதல் ரிலீவரானார். அடுத்த மார்ச்சில், உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் வெற்றியைக் கொண்டாடும்போதே முழங்கால் தசைநார் அறுந்து 2023 பருவம் முழுவதையும் இழந்தார்.

இனி, ரிலீவர்களை அளக்கப் பரவலாகப் பயன்படும் அளவுகோலைப் பார்க்கலாம். அதன் பெயர் சேவ். சிகாகோ விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் உருவாக்கிய இக்கணக்கு 1969இல் அதிகாரபூர்வமானது. அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்து வைக்கும் ரிலீவருக்கு இது கிடைக்கும். முன்னிலை மூன்று ரன்னுக்கு மிகாமல் இருக்கும்போது வந்து குறைந்தது ஓர் இன்னிங்ஸ் எறிய வேண்டும். அல்லது ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடியவர் பேஸிலோ (ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்றிலோ), மட்டையுடனோ, அடுத்து வரத் தயாராகவோ இருக்கும் நெருக்கடியில் வர வேண்டும். அல்லது மூன்று இன்னிங்ஸ் திறம்பட எறிந்து முடிக்க வேண்டும். முன்னிலையைக் கோட்டைவிட்டால் அது புளோன் சேவ் என்று எழுதப்படும். கணக்கு தெளிவானது; ஆனால் அது எப்போதும் நியாயமாக இருப்பதில்லை. மூன்று ரன் முன்னிலையுடன், பேஸ்கள் காலியாக இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸைத் தொடங்கி முடிப்பவருக்குச் சேவ் உண்டு. ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையில், மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்கும்போது வந்து, ஒருவரையும் ஓடவிடாமல் தடுத்தவருக்குச் சேவ் இல்லை. ஹோல்ட் என்ற சிறு குறிப்போடு சரி. ஆட்டத்தை உண்மையில் காப்பாற்றியவர் இரண்டாமவரே என்பதில் எனக்கு ஐயமில்லை. பருவம் முடிந்து வலிமையான அணிகள் மட்டும் மோதும் பிளேஆஃபில், 2016இல், கிளீவ்லாண்டின் மேலாளர் டெரி ஃபிராங்கோனா, முன்னே குறிப்பிட்ட மில்லரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று காத்து வைக்காமல், நெருக்கடி எந்த இன்னிங்ஸில் வந்ததோ அப்போதே இறக்கினார். உலகத் தொடருக்கு முந்தைய அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் சிறந்த வீரராக மில்லர் தேர்வானார். அதன்பின் அம்முறையைப் பல அணிகள் கவனித்தன.

சேவ் கணக்கில் எவரும் எட்டாத உயரத்தில் நிற்பவர் ரிவேரா: 652. 2011 செப்டம்பர் 19 அன்று தம் 602ஆவது சேவின் மூலம் டிரெவர் ஹாஃப்மனின் 601ஐத் தாண்டினார். ஆயினும் அவரை மதிப்பிட நான் பார்ப்பது வேறு எண்ணை. பிளேஆஃப் ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ் எறிந்து அவர் பெற்ற சராசரி 0.70. அவற்றில் பல ஆட்டங்களில் ஓர் இன்னிங்ஸுடன் நிறுத்தாமல், எட்டாவது இன்னிங்ஸிலேயே வந்து ஆறு அவுட்டுகளை எடுத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவரும் உலகமே பார்க்கும் இரவில் தோற்றார். 2001 நவம்பர் 4, அரிசோனா அணியுடன் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். யாங்கீஸ் 2-1 என்று முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா மூவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பதாவதில் மார்க் கிரேஸ் ஓர் அடி அடித்து முதல் பேஸை அடைந்தார். அடுத்தவர் மெதுவாகத் தட்டிவிட்ட பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்த ரிவேராவின் எறி தவறிப்போனது. டோனி வோமாக்கின் அடியில் ஆட்டம் சமனாயிற்று. எல்லா பேஸ்களிலும் ஆள் நிற்க, ரன்னைத் தடுப்பதற்காகக் களத்தடுப்பாளர்கள் முன்னே வந்து நின்றனர். லூயிஸ் கொன்சாலெஸ் அடித்த பந்து பலமாகப் படவில்லை. கட்டர் அவர் மட்டையையும் கைப்பிடிப் பக்கமே தேடிச் சென்றிருந்தது. ஆனால் அது முன்னே வந்து நின்றவர்களின் தலைக்கு மேலே போய்ச் சற்றே பின்னால் விழுந்தது. தொடர் முடிந்தது.

பிட்சர் தாம் நினைத்த பந்தை நினைத்தபடி எறிந்தும் தோற்கலாம். ஸ்டார்ட்டருக்கு அதைச் சரிசெய்ய அடுத்த இன்னிங்ஸ் உண்டு. குளோசர் தோற்ற இடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அடுத்த வாய்ப்பு நாளை, அல்லது அடுத்த ஆண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2003இல் பாஸ்டனுக்கு எதிரான அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ரிவேரா மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்து அணியை உலகத் தொடருக்கு அழைத்துச் சென்றார். அதற்கடுத்த ஆண்டு அதே பாஸ்டனிடம் முன்னிலையை இழந்தார். 2009இல் மீண்டும் உலகத் தொடரின் கடைசி அவுட்டை அவரே எடுத்தார். அது அவருடைய ஐந்தாவது பட்டம். 2012 மே மாதம் கான்சஸ் சிட்டியில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் பந்தைப் பிடிக்க ஓடும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. நாற்பத்திரண்டு வயதில் பலர் அத்துடன் நிறுத்தியிருப்பார்கள். அவர் 2013இல் திரும்பி வந்து 2.11 சராசரியுடன் 44 சேவ்கள் எடுத்துவிட்டே ஓய்வு பெற்றார்.

2019இல், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்கெடுப்பில் வாக்களித்த 425 எழுத்தாளர்களும் அவர் பெயரைக் குறித்தனர். ஒருவர்கூட விடுபடாமல் தேர்வான முதல் பேஸ்பால் வீரர் ஒரு ரிலீவர் என்பது இத்தொழிலுக்குக் கிடைத்த பெரிய மதிப்பு. ஆனால் மற்ற ரிலீவர்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. இடக்கைப் பிட்சர் பில்லி வாக்னர் 2.31 சராசரியும் 422 சேவ்களும் வைத்திருந்தும், வாக்காளர்களின் ஏற்பைப் பெறப் பத்தாவது, அதாவது கடைசி, வாய்ப்பு வரை காத்திருந்து 2025இல்தான் தேர்வானார். அவர் மொத்தம் எறிந்தவை 903 இன்னிங்ஸ் மட்டுமே என்பது எதிர்ப்பவர்களின் வாதம். நல்ல ஸ்டார்ட்டர் ஒருவர் ஐந்தாறு ஆண்டுகளில் எறிந்துவிடும் அளவு அது. அந்த 903 இன்னிங்ஸில் அவர் 1,196 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் என்பதும், அவற்றில் பெரும்பகுதி ஆட்டம் எப்பக்கமும் சாயக்கூடிய கடைசிக் கட்டத்தில் எறியப்பட்டவை என்பதும் ஆதரிப்பவர்களின் பதில். நானும் அந்தப் பக்கம்தான்.